மூன்று வருடத்தில் மூன்று அறைகள்: வெளிநாட்டில் படிக்கப் போய் வீடு தேடிய அனுபவம்

மாணவர் விசாவில் ஒரு பெருநகரத்துக்கு வந்து மூன்று வருடம் ஆகிறது. இதற்குள் மூன்று அறை மாறிவிட்டேன். வந்த முதல் வாரமே இதை எழுதியிருந்தால் ஜன்னலில் தெரிந்த காட்சிக்கே முழு மார்க் போட்டிருப்பேன்.

முதல் வருடம் பல்கலைக்கழக விடுதி. வாடகை வெளியே இருப்பதைவிடக் கூடுதல்தான். ஆனால் கரன்ட், தண்ணீர், ஹீட்டர், இணையம் எல்லாம் அதிலேயே அடக்கம். வாடகைக்கு வேறொருவரின் ஜாமீன் கையெழுத்தும் கேட்கவில்லை. எட்டுப் பேருக்கு ஒரே சமையலறை. யாரோ எதையோ கருக்கிவிட, ராத்திரி 2 மணிக்குத் தீ அலாரம் அடித்து எல்லாரும் போர்வையோடு தெருவில் நின்றோம். இருந்தாலும் முதல் வருடத்துக்கு விடுதிதான் சரி என்பேன்.

இரண்டாவது, தனி ஸ்டுடியோ, அதாவது படுக்கை, சமையல் எல்லாம் ஒரே அறையில் இருக்கும் வீடு. அங்கேதான் சறுக்கினேன். விடுமுறைக்கு ஊருக்குப் போயிருந்தபோது வீடியோ காலிலேயே பார்த்து, முன்பணம் கட்டிவிட்டேன். மோசடி எல்லாம் இல்லை. "நான் வெளியூரில் இருக்கிறேன், பணம் அனுப்புங்கள், சாவி கூரியரில் வரும்" என்கிற ஆட்களை அதற்கு முன்பே இரண்டு தடவை தாண்டியிருந்தேன். இவர் நிஜ உரிமையாளர், நிஜ வீடு. கேமரா மட்டும் அலமாரிக்குப் பின்னால் போகவில்லை, அவ்வளவுதான்.

குளிர்காலத்தில் கீழே விழுந்த ஒரு சார்ஜரை எடுக்க அலமாரியை நகர்த்தினேன். முழங்கால் உயரத்துக்குச் சுவர் கறுப்பாகப் பூஞ்சை பூத்துக் கிடந்தது. வெளிச்சுவரை ஒட்டிய அலமாரி, பின்னால் காற்று போக வழியில்லை. அறையின் ஈரமெல்லாம் அந்தக் குளிர்ந்த சுவரில் போய்ப் படிந்திருக்கிறது. ஒரு தடவை துவைத்த துணியை உள்ளேயே காயப்போட்டால் ஏறக்குறைய 2 லிட்டர் தண்ணீர் காற்றில் கலக்குமாம். நானும் வேறு வழியில்லாமல் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன். காலி செய்யும்போது "துணியை உள்ளே காயப்போட்டது நீதானே" என்று உரிமையாளர் முன்பணத்தில் பாதியைப் பிடித்துக்கொண்டார். பூஞ்சை முன்பே இருந்தது என்று காட்ட என்னிடம் இருந்தவை இரண்டே படங்கள். இரண்டும் கட்டிலில் உட்கார்ந்து எடுத்த செல்ஃபி.

முன்பணச் சட்டத்தை அதற்கப்புறம்தான் படித்தேன். இடத்துக்கு இடம் மாறுகிறது. ஜெர்மனியில் ஹீட்டர் முதலான செலவு சேராத வாடகையில் 3 மாதத்துக்கு மேல் வாங்கக்கூடாது. நியூயார்க்கில் பொதுவாக 1 மாதம்தான். இங்கிலாந்தில் பெரும்பாலான வீடுகளுக்கு 5 வார வாடகைதான் உச்சம், அதையும் 30 நாளுக்குள் அரசு அங்கீகரித்த பாதுகாப்புத் திட்டத்தில் சேர்த்துவிட வேண்டும். போகிற ஊரின் விதியை விமானம் ஏறும் முன்பே படித்துவிடுங்கள்.

மூன்றாவது தடவை தேடும் வழியையே மாற்றிக்கொண்டேன். மூன்று வாரத்துக்கு ஒரு தற்காலிக அறை, அங்கிருந்து தினமும் நடந்து வீடு பார்ப்பது. மொத்தம் ஏழு வீடு. தண்ணீர் வேகம் குறைகிறதா என்று ஷவரையும் சமையலறைக் குழாயையும் ஒன்றாகத் திறந்து பார்த்தேன், ஏஜென்ட் என்னைப் பைத்தியம் மாதிரி பார்த்தார். பரவாயில்லை. ஒரு வீட்டில் அவர் போன் பேச வெளியே போன நேரத்தில், காலி செய்யப்போகும் பெண் மெதுவாகச் சொன்னார்: "இந்த ரூம் சூடே ஆகாதுங்க. போன வருஷம் ஜாக்கெட் போட்டுக்கிட்டுத்தான் தூங்கினேன்." எந்த வீடியோ காலிலும் இது கிடைக்காது.

ஜாமீன்தான் பெரிய தலைவலி. அந்த நாட்டிலேயே வசித்து, அங்கேயே சம்பாதிக்கும் ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும் என்கிறார்கள். அப்பாவின் சம்பளச் சீட்டை யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. பிரான்சில் 'விசால்' என்று ஓர் இலவச உத்தரவாதம் இருக்கிறது, வெளிநாட்டு மாணவர்களும் விண்ணப்பிக்கலாம். எனக்கு அப்படி எதுவும் வாய்க்கவில்லை. கட்டணம் வாங்கிக்கொண்டு ஜாமீன் நிற்கும் ஒரு நிறுவனத்திடம் போனேன். அந்தக் காசு திரும்பி வராது.

கடைசியில் கிடைத்தது நாலு பேர் சேர்ந்து இருக்கும் வீடு. அறை அருமை, ஆனால் ஒப்பந்தம் கூட்டு ஒப்பந்தம். அதாவது ஒருவர் கொடுக்காவிட்டால் அவர் பங்கும் மற்றவர்கள் தலையில். பாதி வருடத்தில் ஒருவர் படிப்பை விட்டுப் போய்விட்டார். மாற்று ஆள் வரும்வரை இரண்டு மாதம் மூன்று பேரும் அவர் வாடகையைப் பிரித்துக் கட்டினோம். அறைக்கு ஒரு தனி ஒப்பந்தம் கிடைக்கும் என்றால் வாடகை கொஞ்சம் கூடினாலும் அதையே எடுப்பேன்.

அடுத்த மாதம் இந்த வீட்டையும் காலி செய்கிறேன். குடிவந்த அன்றே 94 படம் எடுத்து ஏஜென்ட்டுக்கு மெயிலில் அனுப்பி வைத்திருக்கிறேன். அடுப்பு மேடையில் இருக்கும் கருகல் வட்டம் 17வது படம்.