ஷ்வேஷ்வே அட்டை போட்ட நோட்டு: டர்பனில் ஒரு கலை எழுத்தாளரின் கைவேலை

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், கிளென்வுட் பகுதியில் வீட்டின் முன்னறையைப் பட்டறையாக்கி, கையால் தைத்த நோட்டுப் புத்தகங்களை விற்கிறார் ஒரு பெண். அடிப்படையில் அவர் எழுத்தாளர். டர்பன் இருக்கும் குவாசுலு-நட்டால் மாகாணத்தின் கிராமங்களில் கூடை முடைபவர்களையும் மணி கோப்பவர்களையும் தேடிப் போய், அவர்களுடைய வேலையைப் பற்றி வெகுகாலமாக எழுதிவருகிறார். நான் வாங்கியது ஏ5 அளவு நோட்டு ஒன்று. கூடவே, அவருடைய பயணக் கட்டுரை ஒன்றை அவரே அச்சடித்துத் தைத்த சிறு புத்தகம்.

எதற்காக வாங்கினேன் என்று சொன்னால்தான் என் மதிப்பீடு புரியும். ஆடி மாதம் டர்பனில் இந்தியர்கள் வாழும் சாட்ஸ்வொர்த்தில் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றும்போது ஆயாமார், அதாவது பாட்டிமார், பாடுகிற பாட்டுகளை எழுதி வைக்கிறேன். அவர்களில் பலருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. கேட்டுக் கேட்டு மனதில் நின்ற பாட்டுகள். 1860இல் கரும்புத் தோட்ட வேலைக்கு ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிக்கொண்டு ட்ரூரோ கப்பல் மதராஸிலிருந்து வந்து சேர்ந்த நாள் தொட்டு வாய்வழியாகவே வந்தவற்றை இப்போது எழுதாவிட்டால் அப்புறம் யாரிடம் கேட்பது? பாடுகிறவரை நடுவில் நிறுத்தவும் முடியாது, அடுத்த அடி மறந்துபோகும். தரையில் உட்கார்ந்து, மடியில் நோட்டை வைத்து, வேகமாக எழுத வேண்டும். கடை நோட்டை ஒரு கை அழுத்திப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும், விட்டால் மூடிக்கொள்ளும்.

இந்த நோட்டு விரித்தால் விரித்தபடி கிடக்கிறது. தாள்களை நாலைந்தாகச் சேர்த்து மடித்துக் கட்டுகளாக்கி, மடிப்பில் ஊசியால் துளையிட்டு, தேன்மெழுகு தடவிய நூலால் ஒரு கட்டை அடுத்த கட்டோடு சங்கிலித் தையலாகக் கோத்திருக்கிறார். முதுகில் பசையே இல்லை. பின்னல் வரிசை வெளியே தெரிகிறது. எகிப்தின் காப்டிக் கிறிஸ்தவர்கள் பழங்காலத்தில் புத்தகம் கட்டிய முறை இது. எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் நடுப்பள்ளம் வரை எழுதலாம். நாளெல்லாம் எழுதுகிற ஒருவர் செய்த நோட்டு என்பது இந்த ஒரு விஷயத்திலேயே தெரிந்துவிடுகிறது.

அட்டைக்கு நீல ஷ்வேஷ்வே துணி. நிறையப் பேருக்கு இது தென்னாப்பிரிக்கக் கல்யாணங்களில் பார்க்கும் உடுப்புத் துணி, அவ்வளவுதான். எங்கள் ஆயாவுக்கு இது பிழைப்பு. டர்பனின் கிரே ஸ்ட்ரீட் துணிக்கடைகளில் கெஜக் கணக்கில் வாங்கி வந்து, அக்கம்பக்கத்து சுலுப் பெண்களுக்குப் பாவாடை தைத்துக் கொடுப்பார். அசலா என்று பார்க்கத் துணியின் ஓரத்தை நாக்கு நுனியில் வைப்பார். உப்புக் கரிக்க வேண்டும். முகர்ந்தால் தனி வாசம் அடிக்க வேண்டும். ஐரோப்பாவிலிருந்து கப்பலில் நெடுந்தூரம் வரும்போது கெடாமல் இருக்க அந்தக் காலத்தில் போட்ட கஞ்சி, பின்னால் அந்தத் துணியின் அடையாளமாகவே ஆகிவிட்டது. நீலச் சாயமேற்றிய துணியைச் செதுக்கிய செப்பு உருளைகளுக்கு இடையே விடுவார்கள். உருளை தடவும் மென்மையான அமிலம் பட்ட இடத்தில் சாயம் போய், வெள்ளைப் பூவும் புள்ளியும் தெளியும். இங்கிலாந்தின் மான்செஸ்டரில் செய்துகொண்டிருந்த 'த்ரீ கேட்ஸ்' ரகத்தின் உரிமையை 1992இல் வாங்கி, உருளைகளையும் தென்னாப்பிரிக்காவின் கிழக்குக் கேப் மாகாணத்திலுள்ள ஸ்வெலிட்ஷா ஆலைக்கே கொண்டுவந்துவிட்டார்கள்.

துவைத்தால் கஞ்சி போய்த் துணி மிருதுவாகிவிடும். நோட்டு அட்டையை யாரும் துவைக்கப் போவதில்லை, அதனால் அந்த விறைப்பு அப்படியே நிற்கிறது. மூலைகளில் துணி மடிப்பு ஒரு நூல்கூடப் பிசகவில்லை. பின்னட்டையின் உள்ளே ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறார்: துணி எந்த ஆலையினுடையது, நூல் என்ன நூல், தாள் என்ன தாள், எந்த மாதம் தைத்தது. அடுத்தவர் கைவேலைக்குப் பெயர் போட்டு எழுதிப் பழகியவர், தன் வேலைக்கும் அதே கணக்கை வைக்கிறார். எனக்கு இது ரொம்பப் பிடித்திருந்தது.

குறைகளும் உண்டு. தாள் மஞ்சள் சாயலில் கொஞ்சம் சொரசொரப்பு. பால்பாயிண்ட் அருமையாக ஓடுகிறது, பவுண்டன் பேனா மை ஊறிப் பின்பக்கம் தெரிகிறது. புது அட்டையைக் கை வியர்வையோடு பிடித்தால் விரலில் லேசாக நீலம் ஒட்டும், ஆகவே வெள்ளைச் சேலை கட்டிய நாளில் கவனம். இன்னொன்று, டர்பனின் ஈரக்காற்றில் கஞ்சித் துணி என்றால் இராமபாணப் பூச்சிக்கு விருந்து. அலமாரியில் இதன் பக்கத்தில் வசம்புத் துண்டு ஒன்றைத் துணியில் முடிந்து வைத்திருக்கிறேன். வாங்குகிறவர்களிடம் அவரே இதைச் சொல்லி அனுப்பலாம்.

விலை 420 ராண்ட். கடை நோட்டோடு ஒப்பிட்டால் அதிகம், தையலைப் பார்த்தால் நியாயம்.

சிறு புத்தகம் குவாசுலு-நட்டாலின் ஹ்லபிசா ஊர்க் கூடைகளைப் பற்றியது. இலாலா பனையின் குருத்தோலையைக் கிழித்து, புல் கற்றையைச் சுற்றிச் சுற்றி இறுக்கிக் கட்டும் வேலை. ஓலை ஈரத்தில் உப்பி இடைவெளியை அடைத்துக்கொள்வதால் பீர் ஊற்றினாலும் ஒழுகாது. சாயத்துக்கு வேர், பட்டை, இலை. கறுப்பு இன்னும் அடர்த்தியாக வேண்டுமென்றால் துருப்பிடித்த தகர டப்பாவையும் சேர்த்துக் கொதிக்க வைக்கிறார்கள். அந்தக் கொதிகலத்தின் பக்கத்தில் உட்கார்ந்து எழுதியது போலவே இருக்கிறது அந்தப் பக்கம். ஒரு பெரிய கூடைக்கு மாதக்கணக்கில் ஆகிறது, முடைபவர் கைக்கு எவ்வளவு வருகிறது என்பதையும் கூச்சமில்லாமல் கேட்டு எழுதியிருக்கிறார். கைவினை பற்றிய எழுத்தில் பலர் தொடாத இடம் இது. படங்கள்தான் மங்கல். அச்சைக் கொஞ்சம் கவனித்திருக்கலாம்.

வாங்க நினைப்பவர்கள் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். பயணம் கிளம்பிவிட்டால் பட்டறை பூட்டியிருக்கும். கோடு போட்ட தாளும் கேட்டால் தைத்துத் தருகிறார். நான் அடுத்த ஆடிக்கு, கெட்டித் தாளில், இன்னும் இரண்டு கட்டு கூடுதலாகச் சொல்லியிருக்கிறேன்.