ஹாட்லைனா, கமிட்டியா, கலெக்டர் ஆபீஸா: கம்பெனியில் நடக்கும் தவறை எங்கே சொல்வது?

ஓசூர் சிப்காட்டில் ஓரளவு பெரிய கம்பெனிக்குள் போனால், கேன்டீன் சுவரிலோ டைம் ஆபீஸ் பக்கத்திலோ ஒரு போஸ்டர் ஒட்டியிருக்கும். லஞ்சம், பொய்க் கணக்கு, பாலியல் தொல்லை, பாதுகாப்பு மீறல் எதைப் பார்த்தாலும் சொல்லுங்கள், பெயர் வெளியே வராது என்று எழுதி, கீழே ஒரு இலவச எண்ணும் கியூஆர் கோடும் போட்டிருப்பார்கள். தருமபுரி, பாலக்கோடு, ராயக்கோட்டையிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வந்துபோகிற பிள்ளைகள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் இதுதான்: “அண்ணா, அதுல சொன்னா நெஜமாவே பேரு வெளிய வராதா?”

பெயர் தெரியாமல் இருப்பது வேறு, வேலை தப்புவது வேறு. ஒரு வழி உங்களை மறைத்து வைக்கும். ஆனால் பின்னால் ஏதாவது நடந்தால் காட்டுவதற்குக் கையில் ஒரு காகிதம் இருக்காது. இன்னொரு வழியில் பெயரைக் கொடுத்தே ஆக வேண்டும்; ஆனால் சட்டம் பக்கத்தில் நிற்கும். எந்தத் தவறுக்கு எந்த வழி என்று தெரியாமல் போய் மாட்டிக்கொண்டவர்கள் இந்தப் பக்கம் நிறைய. அதனால் ஒவ்வொன்றையும் எடை போட்டுப் பார்க்கலாம்.

சூப்பர்வைசரும் ஹெச்.ஆரும்

ஓவர்டைம் கணக்கில் மணி விட்டுப்போனது, ஷிப்ட் மாற்றம், கேன்டீன் சாப்பாடு மாதிரி விஷயங்களுக்கு இது போதும், சீக்கிரமும் முடியும். தவறு செய்கிறவர் உங்களுக்கு மேலே இருப்பவர் என்றால் இந்தப் பக்கம் போகாதீர்கள். ஹெச்.ஆர். ஆட்கள் கெட்டவர்கள் என்பதால் அல்ல. அவர்களும் அதே பிளான்ட் ஹெட்டுக்குப் பதில் சொல்கிறவர்கள். வாயால் சொன்னதற்குப் பதிவும் கிடையாது. அப்படியும் அங்கேதான் சொல்ல வேண்டியிருந்தால், அன்றைக்கே ‘இன்று காலை உங்களிடம் நேரில் சொன்ன விஷயம்’ என்று நாலு வரி மெயில் போட்டுவிடுங்கள்.

கம்பெனி ஹாட்லைன்

இது ஏதோ கம்பெனி பார்த்துச் செய்யும் தர்மம் என்று பலர் நினைக்கிறார்கள். 2013ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் 177ஆவது பிரிவு இதைக் கட்டாயமாக்கியிருக்கிறது. பங்குச் சந்தையில் பட்டியலிட்ட கம்பெனி, பொதுமக்களிடம் டெபாசிட் வாங்கும் கம்பெனி, வங்கிகளிடமும் பொது நிதி நிறுவனங்களிடமும் 50 கோடிக்கு மேல் கடன் வாங்கிய கம்பெனி, இந்த மூன்றும் புகார் ஏற்பாடு வைத்தே ஆக வேண்டும். புகார் கொடுத்தவரைப் பழிவாங்காமல் காக்கவும் வேண்டும், தேவைப்பட்டால் அவர் ஆடிட் கமிட்டி (கம்பெனிக் கணக்குகளைக் கண்காணிக்கும் இயக்குநர்கள் குழு) தலைவரையே நேராக அணுக வழி விடவும் வேண்டும். அந்தப் பெரிய கம்பெனிக்குப் பாகம் செய்து கொடுக்கும் பத்து லேத் பட்டறைக்கு இதில் எதுவும் பொருந்தாது. அதனால் முதல் வேலை, கம்பெனி வெப்சைட்டில் ‘விசில் ப்ளோயர் பாலிசி’, அதாவது தவறை அம்பலப்படுத்துகிறவருக்கான விதிகள், என்பதைத் தேடிப் படிப்பது. புகார் முதலில் யார் கைக்குப் போகிறது, பெயரில்லாத புகாரை ஏற்பார்களா, கான்ட்ராக்ட் ஆட்களுக்கும் பொருந்துமா என்ற மூன்றையும் அதில் பார்த்துவிடுங்கள்.

ஹாட்லைனிலேயே இரண்டு ரகம் உண்டு. ஒன்று, கம்பெனிக்குள்ளேயே ஒரு அதிகாரி பார்க்கும் மெயில் ஐடி. இன்னொன்று, வெளி ஏஜென்சி நடத்தும் போன் எண்ணும் வெப் பாரமும். என் ஓட்டு இரண்டாவதற்குத்தான். மெயில் அனுப்பினால் ஐடியே ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும். ஏஜென்சியில் பெயரில்லாமல் புகார் பதிந்தால் ஒரு கேஸ் எண்ணும் பாஸ்வேர்டும் கொடுப்பார்கள், அதை வைத்தே மேற்கொண்டு பேசலாம். சில ஏஜென்சிகளில், பெயர் ஏஜென்சிக்கு மட்டும் தெரியட்டும், கம்பெனிக்குப் போக வேண்டாம் என்று கேட்கவும் முடியும்.

புகார் எழுதுவதில்தான் பாதி விஷயம் இருக்கிறது. அசெம்பிளி லைனில் போல்ட்டின் டார்க் அளவை, அதாவது அது எவ்வளவு இறுக்கமாக இருக்கிறது என்பதை, மணிக்கொரு முறை பார்த்து செக் ஷீட்டில் எழுத வேண்டும். அளந்தே பார்க்காமல், ஷிப்ட் முடிகிற நேரத்தில் எட்டு ரீடிங்கையும் ஒரே மூச்சில் நிரப்புகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ‘எங்கள் லைனில் குவாலிட்டி சரியில்லை, சூப்பர்வைசர் ஏமாற்றுகிறார்’ என்று எழுதினால் விசாரிப்பவருக்கு எங்கே தொடங்குவதென்றே தெரியாது. ‘இரண்டாவது ஷிப்ட், மூன்றாவது லைன், இந்த வாரத்து செக் ஷீட்டை எடுத்துப் பாருங்கள். எட்டு ரீடிங்கும் ஒரே அளவு. அந்த டார்க் ரெஞ்ச் அன்றைக்கு டூல் ரூமை விட்டு வெளியே வரவே இல்லை, இஷ்யூ ரிஜிஸ்டரில் தெரியும்’ என்று எழுதினால், அவர் நேராகப் போய் இரண்டு ரிஜிஸ்டரைப் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிடுவார். நீங்கள் எதையும் போட்டோ எடுக்கவோ, நகலை வெளியே கொண்டுவரவோ வேண்டியதில்லை. கேட்டிலேயே செல்போனை வாங்கி வைக்கிற, கேமரா மேல் ஸ்டிக்கர் ஒட்டுகிற கம்பெனிகளில் போட்டோ எடுத்ததே உங்கள் மேல் குற்றச்சாட்டாகத் திரும்பும். ஆதாரம் எங்கே இருக்கிறது என்று சொன்னால் போதும். தேதி, ஷிப்ட், மெஷின் எண்ணை வீட்டுக்கு வந்து ஒரு நோட்டில் குறித்து வையுங்கள்.

எழுதி முடித்ததும் ஒரு கணக்குப் போட வேண்டும்: இந்த விஷயம் மொத்தம் எத்தனை பேருக்குத் தெரியும்? இருபது பேர் என்றால் பெயரில்லாமல் தாராளமாகப் போகலாம். மூன்று பேர்தான் என்றால், பெயர் போடாவிட்டாலும் சாயங்காலத்துக்குள் கண்டுபிடித்துவிடுவார்கள். அப்போது உங்களுக்கு மட்டுமே தெரிந்த விவரத்தை விட்டுவிட்டு மற்றதை எழுதுங்கள். அப்படி விட்டால் புகாரே நிற்காது என்றால், பெயர் போட்டுச் சொல்வதுதான் நல்லது. அரைகுறையாக மறைவதால் ஆளும் தெரிந்துவிடும், புகார் கொடுத்தார் என்ற பதிவும் இல்லாமல் போய்விடும்.

போஸ்டர் முன்னால் நின்று கியூஆர் கோடை ஸ்கேன் செய்யாதீர்கள். கம்பெனி வைஃபை, கம்பெனி லேப்டாப், கம்பெனி கொடுத்த போன், ஆபீஸ் பிரின்டர் எதுவும் வேண்டாம். கூகுள் பாரம் என்றால் உங்கள் ஜிமெயிலில் லாகின் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். பக்கத்து சீட்டு நண்பனிடமும் சொல்லக் கூடாது. ஏஜென்சி ரகசியத்தைக் காத்தும், பஸ்ஸில் பேசிய பேச்சால் வெளியே வந்த கதைகள்தான் எனக்கு அதிகம் தெரியும்.

இன்னொன்று, பலரும் விட்டுவிடுவது. புகாரைப் பதிந்துவிட்டு அந்தக் கேஸ் எண்ணைத் திரும்பிப் பார்ப்பதே இல்லை. விசாரிப்பவர் அதே பக்கத்தில் ‘எந்த மெஷின்?’ என்று கேள்வி போட்டு வைத்திருப்பார். பதில் வராவிட்டால், போதிய விவரம் இல்லை என்று மூடிவிடுவார்கள். வாரம் ஒரு தடவையாவது உள்ளே போய்ப் பாருங்கள். நம் லைன்களில் தமிழ், தெலுங்கு, கன்னடம், இந்தி, ஒடியா எல்லாம் கலந்து ஓடுகிறது. போன் எடுப்பவருக்குத் தமிழ் தெரியாவிட்டால் தமிழ் தெரிந்தவரைக் கேளுங்கள், இல்லையென்றால் வெப் பாரத்தில் தமிழிலேயே எழுதுங்கள். தெரியாத இங்கிலீஷில் எழுதி அர்த்தம் மாறிப்போவதைவிட அது மேல்.

ரகசியம் காப்போம் என்ற வாக்கு மீறப்பட்டால் என்ன ஆகும் என்பதற்கு நாடே அறிந்த ஒரு உதாரணம் உண்டு. கிருஷ்ணகிரி, ஓசூர் வழியாகப் போகும் தங்க நாற்கரச் சாலைத் திட்டத்தின் வேறொரு பகுதியில், பீகார், ஜார்கண்ட் பக்கம் பொறியாளராக இருந்தவர் சத்யேந்திர துபே. ஒப்பந்த முறைகேடுகளைப் பிரதமர் அலுவலகத்துக்கு எழுதி, தன் பெயரை ரகசியமாக வைக்கும்படி கேட்டிருந்தார். அந்தக் கடிதம் அலுவலகம் அலுவலகமாகக் கைமாறியது. 2003 நவம்பரில் கயாவில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். அதற்குப் பிறகு எழுந்த கோபத்தில்தான் அரசு ஊழியர் தவறுகளைச் சொல்பவருக்கான ஏற்பாடு 2004இல் வந்தது, 2014இல் சட்டமும் நிறைவேறியது. அந்தச் சட்டம் இன்னும் நடைமுறைக்குக் கொண்டுவரப்படவில்லை. வந்தாலும் தனியார் கம்பெனித் தவறுக்குப் பொருந்தாது. ‘விசில் ப்ளோயர் சட்டம் காப்பாற்றும்’ என்று யாராவது சொன்னால் அதை நம்பி இறங்காதீர்கள்.

உள்ளகக் குழு

பாலியல் தொல்லை என்றால் ஹாட்லைனை விட இதுதான் வலுவான வழி. பணியிடத்தில் பெண்களுக்கு நடக்கும் பாலியல் தொல்லையைத் தடுக்கும் 2013 சட்டப்படி, பத்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் எந்த இடத்திலும் அந்தப் புகார்களை விசாரிக்க இந்தக் குழு இருக்க வேண்டும். தலைவர் ஒரு மூத்த பெண் ஊழியர், உறுப்பினர்களில் பாதிக்குக் குறையாமல் பெண்கள், வெளியிலிருந்து ஒருவர். சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுக்க வேண்டும். தகுந்த காரணம் இருந்தால் குழு இன்னும் மூன்று மாதம் தரலாம். 90 நாளில் விசாரணை முடிய வேண்டும்.

இங்கே பெயர் மறைக்க முடியாது, ஏனென்றால் புகாரின் நகல் எதிராளிக்குப் போகும். அதற்குப் பதிலாகச் சில உரிமைகள் கிடைக்கின்றன. விசாரணை நடக்கும்போதே அந்தப் பெண்ணையோ அந்த ஆளையோ இடம் மாற்றச் சொல்லலாம், மூன்று மாதம் வரை விடுப்புக் கேட்கலாம். புகார்க்காரர் யார் என்பதை வெளியே சொல்வதே குற்றம். நிரூபிக்க முடியவில்லை என்ற ஒரே காரணத்துக்காகப் பொய்ப் புகார் என்று தண்டிக்கவும் முடியாது. சமரசம் என்று உட்கார வைப்பது அந்தப் பெண் தானாகக் கேட்டால் மட்டுமே. அதிலும் பணம் கொடுத்து முடிப்பது கூடாது.

கம்பெனி பஸ்ஸில் நடந்ததும் இதில் அடங்கும். வேலைக்காக முதலாளி ஏற்பாடு செய்த வாகனமும் சட்டப்படி பணியிடம்தான். கான்ட்ராக்டர் மூலம் வந்த பெண்ணும் ஊழியர்தான். ‘நீ எங்க ரோல்ல இல்லம்மா, உன் கான்ட்ராக்டர்கிட்ட போ’ என்று திருப்பி அனுப்பினால் அது தவறு, அதையும் எழுதிக் கொடுக்கலாம்.

கிருஷ்ணகிரியைச் சுற்றியுள்ள மாங்கூழ் தொழிற்சாலைகளில் சீசனுக்கு மட்டும் வரும் பெண்கள், சின்னத் தையல் யூனிட்டுகள், செங்கல் சூளைகள் பற்றிதான் எனக்கு அதிகக் கவலை. பத்து பேருக்குக் குறைவு என்றாலோ, தொல்லை கொடுப்பவரே முதலாளி என்றாலோ, மாவட்ட அளவில் உள்ள உள்ளூர்ப் புகார்க் குழுவுக்குப் போகலாம். கலெக்டர் அலுவலகத்தில் மாவட்டச் சமூக நல அலுவலரைக் கேட்டால் வழி சொல்வார்கள். சீசன் முடிந்து ஊருக்குப் போய்விட்டாலும் மூன்று மாதக் கெடு ஓடிக்கொண்டுதான் இருக்கும், அதனால் தள்ளிப்போடக் கூடாது. எழுதத் தெரியாதவருக்கு எழுத உதவுவது குழுவின் கடமை. அவசரம் என்றால் 181 பெண்கள் உதவி எண் இருக்கிறது. போலீசுக்குப் போவதையும் இந்தக் குழு எதுவும் தடுக்காது.

அரசு அலுவலகங்கள்

பிரஸ் மெஷினில் சென்சாரை எடுத்துவிட்டு ஓட்டுகிறார்கள், கையுறை இல்லாமல் கெமிக்கலைத் தொட வைக்கிறார்கள் என்றால் உயிர் சம்பந்தப்பட்டது. உள்ளே சொல்லிக் கேட்காவிட்டால் ஓசூரில் உள்ள தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்கக அலுவலகத்துக்குப் போகலாம். 1948 தொழிற்சாலைகள் சட்டத்தில், புகார் கொடுத்தது யார் என்பதை இன்ஸ்பெக்டர் ரகசியமாக வைக்க வேண்டும், புகாரின் பேரில் வந்திருக்கிறேன் என்றுகூட நிர்வாகத்திடம் சொல்லக் கூடாது என்று 118ஏ பிரிவே இருந்தது. அந்தச் சட்டத்துக்குப் பதிலாக 2025 நவம்பரில் புதிய தொழிலாளர் தொகுப்புச் சட்டங்கள் அமலுக்கு வந்துவிட்டன. அதனால் மனுவிலேயே ‘என் பெயரை நிர்வாகத்துக்குத் தெரிவிக்க வேண்டாம்’ என்று தனியாக ஒரு வரி எழுதிவிடுங்கள்.

கலெக்டர் அலுவலகத்தில் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் மனு கொடுத்தால் ரசீது கிடைக்கும், அதுதான் அதன் பலம். பலவீனம், மனு துறை துறையாகப் போய்க் கடைசியில் விளக்கம் கேட்டுக் கம்பெனிக்கே வந்துவிடலாம், உங்கள் பெயரும் போன் நம்பருமாக. சம்பள பாக்கி, பி.எஃப். பிடித்துக் கட்டாதது மாதிரி உங்கள் சொந்தப் பணத்துக்கு இது சரி, அதில் பெயர் எப்படியும் வேண்டும். மற்றவரின் லஞ்சத்தைச் சொல்ல இது ஏற்ற இடம் இல்லை.

பாகங்களை வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனியின் ஹாட்லைனைப் பலர் யோசிப்பதே இல்லை. ஜெர்மனியில் 2023இல் அமலுக்கு வந்த சட்டம், அங்குள்ள பெரிய கம்பெனிகள் தங்களுக்குச் சரக்கு அனுப்பும் தொழிற்சாலைத் தொழிலாளர்களும் புகார் செய்ய வழி வைக்க வேண்டும் என்கிறது. ஹாட்லைனே இல்லாத சின்ன சப்ளையரில் வேலை செய்பவருக்கு இது உதவும். ஆனால் ஆர்டரே ரத்தானால் எல்லோர் வேலைக்கும் ஆபத்து என்பதால், கொத்தடிமை, குழந்தைத் தொழிலாளர், உயிருக்கு ஆபத்து மாதிரி பெரிய விஷயத்துக்கு மட்டும் வைத்துக்கொள்வேன்.

வாட்ஸ்அப் குரூப்பிலோ ஃபேஸ்புக்கிலோ பெயர் சொல்லிப் போடுவதை வழியாகவே நான் கணக்கில் எடுக்கவில்லை. உரிய அதிகாரியிடம் நல்லெண்ணத்தோடு சொல்லும் குற்றச்சாட்டுக்கு அவதூறுச் சட்டத்தில் விலக்கு உண்டு. ஊருக்கே ஃபார்வர்டு செய்தால் அந்த விலக்கைக் கேட்க முடியாது.

கான்ட்ராக்ட் ஆளாக இருந்தால்

கான்ட்ராக்ட் ஆட்களைப் பழிவாங்குவதற்கு எழுத்தில் ஆர்டர் எதுவும் வராது. ‘நாளையிலிருந்து வர வேண்டாம்’ என்று போனில் சொல்வார்கள், மறுநாள் கேட் பாஸ் வேலை செய்யாது. அங்கே வேலை செய்தேன் என்பதையே நிரூபிக்க வேண்டிய நிலை வரும். அதனால் எந்த வழியில் போவதாக இருந்தாலும், புகாருக்கு முன்பே பி.எஃப். கணக்கின் யூ.ஏ.என். பாஸ்புக், ஈ.எஸ்.ஐ. கார்டு, சம்பளம் ஏறிய பேங்க் ஸ்டேட்மென்ட், கேட் பாஸ் நகல் எல்லாவற்றையும் வீட்டில் பத்திரப்படுத்துங்கள். இவர்கள் விஷயத்தில் ஹாட்லைனைப் பெயரில்லாமல் மட்டும் பயன்படுத்தச் சொல்வேன்.

நிரந்தர ஊழியருக்கு அடி வேறு மாதிரி விழும்: திடீர் டிபார்ட்மென்ட் மாற்றம், இதுவரை வராத மெமோ, தொடர்ந்து நைட் ஷிப்ட். அந்த மெமோ வந்த அன்றே, அதே கேஸ் எண்ணில், புகார் கொடுத்த தேதியையும் மெமோ தேதியையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பதிந்துவிடுங்கள், ஆடிட் கமிட்டித் தலைவருக்கும் ஒரு நகல் போகட்டும். மெமோவுக்குக் கெடுவுக்குள் தனியாகப் பதில் கொடுத்து, வாங்கியதற்குக் கையெழுத்து வாங்குங்கள். சங்கம் இருந்தால் அன்றைக்கே சொல்லுங்கள். விஷயம் தொழிற்தகராறாகத் தொழிலாளர் துறையின் சமரச அதிகாரி முன் போய்விட்டால், அது நிலுவையில் இருக்கும்வரை அது சம்பந்தமாக அவர் அனுமதி இல்லாமல் உங்களை வேலையை விட்டு நீக்க முடியாது.