தானாக ஊதிக்கொள்ளும் லைஃப் ஜாக்கெட்: டர்பன் கடலில் இரண்டு வருஷம் போட்டுப் பார்த்ததில்

இரண்டு வருஷத்துக்கு முன்னால் தென்னாப்பிரிக்காவில், எங்கள் டர்பனில் ஒரு மீன்பிடிச் சாமான் கடையில் இதை வாங்கினேன், 2,000 ரேண்டுக்குக் கொஞ்சம் குறைவு. நல்ல சாமானா என்று கேட்டால் நல்ல சாமான்தான். நான்தான் அதைத் தப்பான இடத்துக்குப் போட்டுக்கொண்டு போனேன். கடைக்காரர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை.

மாமாவிடம் ஒரு ஸ்கி போட் இருக்கிறது, கடற்கரையிலிருந்தே அலையைத் தாண்டிப் போகக்கூடிய சின்ன மோட்டார் படகு, கேட்டமரான் வகை. (நம்முடைய கட்டுமரம்தான் வெள்ளைக்காரன் வாயில் புகுந்து இப்படிப் பெயர் மாறி, ஃபைபர் கிளாஸாகத் திரும்பி வந்து மாமாவைக் கடனாளி ஆக்கியிருக்கிறது.) கோடையில் கூட்டா பிடிக்கப் போவோம். கூட்டா என்றால் இங்கே வஞ்சிரம். படகில் இருந்த பழைய ஆரஞ்சு நிற ஃபோம் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு ரீல் சுற்ற முடியாது, வியர்த்துக் கொட்டும், அதனால் அலை உடையும் பேக்லைனைத் தாண்டியதும் எல்லோரும் கழற்றிப் பெட்டிக்குள் திணித்துவிடுவோம். அப்படியானால் நடுக்கடலில் விழுந்தால் என்ன செய்வீர்கள் என்று அத்தை கேட்டார். யாரும் வாய் திறக்கவில்லை.

அந்த விஷயத்தில் இந்த ஜாக்கெட் பிரமாதம். கழுத்தைச் சுற்றி ஒரு பட்டை, இடுப்பில் ஒரு பெல்ட், அவ்வளவுதான், அரை மணி நேரத்தில் போட்டிருப்பதே மறந்துவிடும். உள்ளே 33 கிராம் கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர். தண்ணீரில் விழுந்ததும் நனைந்தால் கரையக்கூடிய ஒரு சின்ன வில்லை கரைந்து, அது பிடித்து வைத்திருந்த ஸ்பிரிங் விடுபட்டு, ஊசி சிலிண்டரைக் குத்தி, சில நொடிகளில் காற்றுப்பை உப்பிவிடும். என்னுடையது 150 நியூட்டன் மிதப்பு, மயங்கி விழுந்தவனையும் முகம் மேலே வரும்படி திருப்பக்கூடிய அளவு. பெல்ட்டை நன்றாக நீட்டலாம், ரொட்டியைக் குடைந்து குழம்பு ஊற்றித் தரும் டர்பன் பன்னி சௌவைத் தின்று வளர்ந்த என் வயிற்றுக்கே இன்னும் ஒரு சாண் மிச்சம் இருந்தது. விசிலும் உண்டு. விளக்கு மட்டும் தனியாக வாங்க வேண்டும், அது எனக்குப் பிடிக்கவில்லை. நம் பக்கத்து அகுல்யாஸ் நீரோட்டம் தெற்கே இழுத்துக்கொண்டு போகிற வேகத்தில், அதற்கு எதிராகத் தென்மேற்குக் காற்றும் அடித்து அலை எழும்பிவிட்டால், தண்ணீரில் ஒரு தலையைத் தேடிக் கண்டுபிடிப்பது லேசான வேலையா?

சரி, சிக்கலுக்கு வருகிறேன். வாங்கிய மூன்றாவது வாரம் தெற்கே பார்க் ரைனி பக்கம் ராக்கி பே கடற்கரையிலிருந்து நேராக அலைக்குள் படகை இறக்கினோம். ஒரு அலை முன்பக்கத்தில் உடைந்து என் மேல் முழுசாகக் கொட்டியது, அடுத்த நொடி 'பட்' என்று சத்தம், ஜாக்கெட் உப்பிக் கழுத்தை நெரித்தது. தலையைத் திருப்ப முடியவில்லை, அடுத்த அலை எந்தப் பக்கம் வருகிறதென்று தெரியவில்லை, ஒரு கையால் கம்பியைப் பிடித்தபடி இன்னொரு கையால் காற்றை இறக்கக் குழாயைத் தேடுகிறேன், மச்சான் விழுந்து விழுந்து சிரிக்கிறான். மாமா சிரிக்கவில்லை. படகு கவிழ்ந்திருந்தால் அந்தக் காற்றுப்பை என்னைக் கவிழ்ந்த படகின் அடிப்பாகத்தோடு சேர்த்து மேலே அழுத்தியிருக்கும், முங்கி வெளியே வர விட்டிருக்காது என்று கரைக்கு வந்த பிறகுதான் சொன்னார்.

அன்றைக்கு மீன் பிடித்ததெல்லாம் ஜாக்கெட் இல்லாமல்தான், ஏனென்றால் ஒருமுறை ஊதிவிட்டால் புதுச் சிலிண்டரும் வில்லையும் போடும்வரை அது வெறும் துணி. அந்த செட் கிட்டத்தட்ட 400 ரேண்ட். வாங்கிய கடையில் ஸ்டாக் இல்லை, மூன்று வாரம் காத்திருந்தேன். இப்போது வீட்டில் எப்போதும் ஒரு செட் கூடுதலாக வைத்திருக்கிறேன். இழுத்தால் மட்டும் ஊதும் வகையும் கிடைக்கிறது, நனைந்தால் வெடிக்காது, ஆனால் தலையில் அடிபட்டு விழுந்தவன் எப்படிக் கயிற்றை இழுப்பான்?

வாங்குகிறவர்கள் தொடைக்கு நடுவே போகும் பட்டை இருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாவிட்டால் தண்ணீரில் ஜாக்கெட் மேலே ஏறிக் காதுவரை வந்துவிடும், ஆள் கீழே தொங்குவார். சிலிண்டர் படகின் அதிர்வில் தானாகக் கழன்றுகொள்ளும், என்னுடையது ஒருமுறை அரைச்சுற்று கழன்றிருந்தது, அப்படியே விழுந்திருந்தால் கதை முடிந்தது. ஒவ்வொரு முறையும் கிளம்பும் முன் கையால் இறுக்கிப் பார்க்கிறேன். எடை சிலிண்டரிலேயே பொறித்திருக்கும், அத்தையின் சமையலறைத் தராசில் வைத்துச் சரிபார்க்கலாம். வருஷத்துக்கு ஒருமுறை வாயால் ஊதி ஒரு ராத்திரி முழுக்க வைத்துப் பார்ப்பேன், காலையிலும் கல் மாதிரி இருக்க வேண்டும். அப்புறம், உப்புப் போக நல்ல தண்ணீரில் அலசும்போது வில்லையையும் சிலிண்டரையும் முதலில் கழற்றிவிடுங்கள். மறந்தால் குளியலறையில் இன்னொரு 400 ரேண்ட் போகும். போயிற்று.

அத்தை இந்த ஜாக்கெட்டை இன்னும் நம்பவில்லை. அவர் நம்புவது சேஃப்டிரெக்ஸ் ஆப்பைத்தான். 1967-இலிருந்து தொண்டர்களை வைத்தே இயங்கும் கடல் மீட்பு நிறுவனமான என்.எஸ்.ஆர்.ஐ. பரிந்துரைக்கும் ஆப் அது, இலவசம். எத்தனை பேர், எங்கே போகிறோம், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று போட்டுவிட்டுக் கிளம்பினால், நேரம் தாண்டியதும் அத்தை போனுக்குச் செய்தி போய்விடும். கரைக்கு வந்து ட்ரிப்பை முடிக்க மறந்து நாங்கள் வாங்கிய திட்டு தனிக் கதை.

இப்போது டர்பன் துறைமுகத்திலிருந்து கிளம்பும் நாளில் இந்த ஜாக்கெட், கடற்கரையிலிருந்து அலையை உடைத்துக்கொண்டு போகும் நாளில் பழைய ஃபோம். துறைமுகத்திலிருந்து போகிறவர்களுக்கு ஐந்துக்கு நான்கரை கொடுப்பேன், அரை அந்த விளக்குக்காகக் குறைத்தது. மற்றவர்கள் 2,000 ரேண்டைக் கொடுப்பதற்கு முன் நல்ல மெல்லிய ஃபோம் ஜாக்கெட் ஒன்றைப் போட்டுப் பாருங்கள். மாமாவும் அதைத்தான் கேட்கிறார், அடுத்த சனிக்கிழமை வேறு கடைக்குப் போகிறோம்.