புதிய கிராபிக்ஸ் கார்டு வாங்கப் போகிறீர்களா? முதல் நாள் விளம்பரத்தையும் ரிவியூவையும் நம்பிப் பணம் கட்டாதீர்கள்

கணினியில் கேம் காட்சிகளை உருவாக்கும் புதிய கிராபிக்ஸ் கார்டு ஒன்றை வெளியீட்டு நாளிலேயே வாங்கி ஏமாற்றப்பட்டிருக்கிறேன். அதே வகைக் கார்டுக்காகப் பணம் சேர்த்து வைத்திருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு முடிவெடுக்க வேண்டும் என்பதற்காகவே எழுதுகிறேன்.

முந்தைய தலைமுறையைவிட இரண்டு மடங்குக்கும் மேல் வேகம் என்று அறிமுக விளம்பரத்தின் வரைபடம் காட்டியது. கார்டைப் பொருத்தி, அதில் குறிப்பிட்டிருந்த அதே கேமை ஓட்டினேன். திரையின் மூலையில் வினாடிக்கு 120 ஃபிரேம் (அசையும் காட்சியின் தனித்தனிப் படங்கள்) என்று எண் தெரிந்தது. ஆனால் மவுஸைத் திருப்பினால் காட்சி தயங்கித் தயங்கித்தான் திரும்பியது. காரணம் வரைபடத்தின் அடியில் சாம்பல் நிறப் பொடி எழுத்தில் இருந்தது: புதிய கார்டுக்கு மட்டும் ஃபிரேம் ஜெனரேஷனை நான்கு மடங்கு நிலையில் வைத்து அளந்திருக்கிறார்கள். அந்த நிலையில் நான்கில் ஒரு ஃபிரேமைத்தான் கேம் உண்மையில் உருவாக்குகிறது. மற்ற மூன்றும் கணித்து இடையில் செருகப்படுபவை. ஆகவே 120 என்று காட்டும்போதும் கேம் நம் கையசைவுக்கு வினாடிக்கு 30 முறைதான் பதில் சொல்கிறது. இடையில் செருகுவதற்காக, உருவான ஃபிரேமைச் சற்று நிறுத்தி வைக்க வேண்டியிருப்பதால் தாமதம் இன்னும் கூடுகிறது. 2025 ஜனவரியில் ஆர்டிஎக்ஸ் 5070 கார்டு முந்தைய தலைமுறையின் உச்ச கார்டான 4090-க்கு நிகரானது என்று தயாரிப்பாளரான என்விடியா மேடையில் அறிவித்ததும் இந்தக் கணக்கை வைத்துத்தான். செருகிய ஃபிரேம்களைக் கழித்துவிட்டு அளந்தவர்களின் சோதனைகளில் 4090 வெகுதூரம் முன்னால் இருந்தது.

அடுத்தது, கார்டிலேயே இருக்கும் மெமரி. நான் வாங்கிய கார்டு ஒரே பெயரில் 8 ஜிபி, 16 ஜிபி என இரண்டு வகையாக வந்தது. வெளியீட்டு நாளில் நான் பார்த்த ரிவியூக்கள் எல்லாம் 16 ஜிபி வகையைப் பற்றியவை. கடையில் இருந்ததோ 8 ஜிபி. மெமரி நிரம்பியதும் சில கேம்கள் திக்கித் திணறும். வேறு சில, சொல்லாமல் கொள்ளாமல் டெக்ஸ்சரின் (பொருட்களின் மேற்பரப்பில் ஒட்டப்படும் படங்களின்) தரத்தைக் குறைத்துக்கொள்ளும். பக்கத்தில் போய் நின்றபோதும் செங்கல் சுவர் களிமண் பூசியதுபோல் மங்கலாகவே இருந்ததை நானே பார்த்தேன். சராசரி ஃபிரேம் எண்ணிக்கை அப்போது குறையவே இல்லை என்பதால், அதை மட்டும் அளக்கும் ரிவியூ இந்தக் குறையைக் காட்டிக்கொடுக்காது. விற்பனையாளரோ, கார்டில் பழுது எதுவும் இல்லை என்று கூறித் திரும்பப் பெற மறுத்துவிட்டார்.

விமர்சகர்கள் எல்லோரையும் குறை சொல்ல எனக்கு மனமில்லை. 2025 மே மாதம் ஆர்டிஎக்ஸ் 5060 வெளியானபோது, அதற்கான டிரைவர் (கார்டை இயக்கும் மென்பொருள்) அவர்களில் பெரும்பாலோருக்கு முன்கூட்டியே கிடைக்கவில்லை; எந்தக் கேமை எந்த அமைப்பில் சோதிப்பது என்ற நிபந்தனைகளுக்கு ஒப்புக்கொண்ட சிலருக்கு மட்டும் முன்னோட்டம் வெளியிட வாய்ப்பு தரப்பட்டது. பலர் அதை வெளிப்படையாகக் கண்டித்தார்கள், அது பாராட்டத்தக்கது. ஆனால் அந்தக் கார்டை வாங்க நினைத்தவருக்கு முதல் நாளில் கிடைத்தது பெரும்பாலும் அந்த முன்னோட்டம்தான்.

ஆகவே சில நாட்கள் பொறுத்திருங்கள். நீங்கள் வாங்கப்போகும் அதே மெமரி அளவுள்ள கார்டை, கடையில் தம் பணத்தில் வாங்கிச் சோதித்தவரின் ரிவியூவைத் தேடுங்கள். அதில் ஃபிரேம் ஜெனரேஷன் இல்லாத அளவீடும், சராசரியோடு 1 சதவீதத் தாழ்நிலை ஃபிரேம் எண்ணும் (மிக மெதுவான 1 சதவீத ஃபிரேம்களின் வேகம்) கொடுக்கப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். திரும்பப் பெறும் நிபந்தனையையும் கடையில் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.