உறும ஆரம்பித்த நாய்: பயிற்சிக்கு வெளியில் விடுவதா, வீட்டிலேயே பழக்குவதா?

எங்கள் மணி குட்டியாக இருந்தபோது வீட்டுக்கு யார் வந்தாலும் மடியில் ஏறிவிடுவான். இரண்டு வயதைத் தாண்டியதும் வருபவர்களைப் பார்த்து உறும ஆரம்பித்தான். சாப்பாட்டுத் தட்டருகே யாராவது போனால் உடம்பு விறைத்தது. இது அபூர்வம் இல்லை. ஒன்றிலிருந்து மூன்று வயதுக்குள், மனமுதிர்ச்சி வரும் பருவத்தில்தான் பல நாய்களிடம் ஆக்ரோஷம் முதலில் தெரியவரும்.

எங்கள் முன் இருந்தவை இரண்டு வழிகள். ஒன்று, சில வாரங்களுக்கு ட்ரெயினரிடம் விட்டுவிட்டு, ‘சரியான’ நாயைத் திரும்ப அழைத்துவருவது. மற்றொன்று, நடத்தை தெரிந்த கால்நடை மருத்துவரின் வழிகாட்டலோடு வீட்டிலேயே நாங்களே பழக்குவது. இரண்டாவதைத்தான் எடுத்தோம். அதனால் இந்த அலசல் அந்தப் பக்கம் சாய்ந்துதான் இருக்கும்.

எந்த வழிக்குப் போவதற்கும் முன்னால் மருத்துவப் பரிசோதனை அவசியம். பல் வலி, காது அழற்சி, இடுப்பு மூட்டு வலி என்று எது இருந்தாலும் நாய் தொடவிடாது. நடத்தைக் கோளாறு என்று நிபுணர்களிடம் அனுப்பப்படும் நாய்களில் குறைந்தது மூன்றில் ஒரு பங்குக்கு ஏதோ ஒரு வலி இருக்கலாம் என்று 2020-இல் வந்த ஓர் ஆய்வுக் கட்டுரை மதிப்பிட்டது. ‘கருத்தடை செய்தால் அடங்கிவிடும்’ என்பார்கள். ஆண் நாய்கள் ஊர் சுற்றுவதையும் தங்களுக்குள் மோதுவதையும் அது குறைக்கக்கூடும். பயத்தால் வரும் ஆக்ரோஷத்துக்கு அதை நம்பி உட்கார முடியாது.

அடுத்து, நிலைமை எவ்வளவு தீவிரம் என்று பார்க்க வேண்டும். இதற்கு இயன் டன்பர் என்ற கால்நடை மருத்துவர் வகுத்த ஆறு படி கொண்ட அளவுகோல் உதவும். முதல் படியில் நாய் பாயும், பல் படாது. இரண்டாவதில் பல் படும், தோல் துளைபடாது. மூன்றாவதில் ஒரே கடியில் ஒன்று முதல் நான்கு துளைகள் வரை இருக்கும், ஆனால் கோரைப்பல்லின் பாதி நீளத்துக்கு மேல் இறங்கியிருக்காது. அதற்கும் ஆழமாக இறங்கினால் நான்காவது படி. அந்த நிலையில் நான் எழுதுவதைப் படித்து முடிவெடுக்காதீர்கள். நிபுணர் நேரில் பார்க்க வேண்டும். மணி முதல் படியைத் தாண்டவில்லை. நான் எழுதுவதெல்லாம் அந்த அளவுக்குத்தான்.

வெளியில் விடும் வழிக்கு வருவோம். அதன் பலம் வெளிப்படையானது. உங்கள் நேரம் மிச்சம், வீட்டில் குழந்தைகளோ முதியவர்களோ இருந்தால் அவர்களுக்கு உடனடி நிம்மதி, அனுபவப்பட்ட கை. இதை நேர்மையாகச் செய்பவர்களும் இருக்கிறார்கள். ஆனால் குறுகிய காலத்தில் விளைவைக் காட்டியே ஆக வேண்டும் என்ற நெருக்கடி அந்த ஏற்பாட்டிலேயே உண்டு. அதனால் பலர் இழுத்தால் கழுத்தை இறுக்கும் சோக் செயின், முள் காலர், மின்னதிர்ச்சி தரும் ஷாக் காலர் பக்கம் போகிறார்கள். நாய் உறுமும், கழுத்துக் கயிற்றைச் சுண்டுவார்கள், உறுமல் நின்றுவிடும். திரும்பக் கூட்டிவரும் நாளில் பார்க்க அழகாகத்தான் இருக்கும்.

நின்றது உறுமல் மட்டும்தான் என்பதுதான் சிக்கல். கெண்டல் ஷெப்பர்ட் என்ற பிரிட்டிஷ் கால்நடை மருத்துவர் இதை ஓர் ஏணியாக வரைந்து காட்டுகிறார். கொட்டாவி, மூக்கை நக்குதல், முகத்தைத் திருப்புதல், விலகிப் போதல், வாலை ஒடுக்கிப் பதுங்குதல், உடல் விறைத்து முறைத்தல், உறுமல், வெறுங்காற்றைக் கவ்வுதல், கடைசியாகக் கடி. கீழ்ப்படிகளில் ஏறும்போதெல்லாம் அடி வாங்கும் நாய் அந்தப் படிகளைக் கைவிட்டு நேராக மேலே தாவும். ‘எச்சரிக்கையே இல்லாமல் கடித்தது’ என்று சொல்லப்படும் நாய்களில் சிலவற்றின் கதை இதுதான்.

அடி எதிரடியையும் வரவழைக்கும். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் நாய் உரிமையாளர்களிடம் கேட்டு 2009-இல் வெளியிட்ட ஆய்வில், நாயை அடித்த அல்லது உதைத்தவர்களில் 43 சதவீதம் பேரிடம் அது பதிலுக்கு ஆக்ரோஷம் காட்டியிருந்தது. மல்லாத்தி அழுத்திப் பிடித்தவர்களிடம் 31 சதவீதம். வெறுமனே முறைத்துப் பார்த்தவர்களிடமே 30. ‘நீதான் தலைவன் என்று காட்டு’ என்று அறிவுரை சொல்லும் மாமாக்களுக்கு இன்னொரு தகவல்: அந்தத் தலைவன் கதை, கூண்டில் ஒன்றாக அடைக்கப்பட்ட ஓநாய்களைப் பார்த்து எழுந்தது. அதைப் பரவலாக்கிய டேவிட் மெக் என்ற ஆய்வாளரே, காட்டு ஓநாய்க் கூட்டம் என்பது பெரும்பாலும் தாய், தந்தை, பிள்ளைகள் சேர்ந்த குடும்பம்தான் என்று 1999-இல் எழுதினார்.

சரி, வெளியில் விட்டாலும் அடிக்காத ட்ரெயினர் கிடைத்தால்? அப்போதும் நான் வீட்டு வழிக்குத்தான் கை தூக்குவேன். காரணம் ஒன்றுதான்: பராமரிப்பு. எங்கள் முடிவைத் தீர்மானித்ததும் அதுதான்.

ஒரு நாய் பழகிக்கொள்வது பயிற்சியை மட்டுமல்ல. அந்த இடம், அந்த ஆள், அந்தக் கயிறு எல்லாவற்றையும் சேர்த்துத்தான் அது மனதில் பதித்துக்கொள்கிறது. ட்ரெயினரின் மைதானத்தில் அந்நியரைப் பார்த்து அமைதியாக உட்காரும் நாய், உங்கள் வாசல்மணி அடித்ததும் பழைய நாயாகிவிடலாம். பயம் முற்றிலும் அழிவதும் அரிது. அணைந்துவிட்டதாகத் தெரிந்த எதிர்வினை, சில காலம் கழித்துத் தானாகவே திரும்பி வருவதை ரஷ்ய விஞ்ஞானி பாவ்லோவே தன் நாய்களிடம் பதிவு செய்திருக்கிறார். ஆக, கற்றது தேயாமல் இருக்க யாராவது விடாமல் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும். ட்ரெயினர் உங்களோடு வாழப்போவதில்லை. நாம் நீந்தப் பழகுவதற்கு நண்பனைக் குளத்துக்கு அனுப்பினால் எப்படி இருக்குமோ, அப்படித்தான் இதுவும். நாய் விறைப்பதைக் கவனிப்பது, எவ்வளவு தூரத்தில் நிறுத்துவது, எப்போது திரும்பிவிடுவது எல்லாம் வீட்டு மனிதர்களுக்குக் கை வந்தாக வேண்டும். வீட்டிலேயே பழக்கும்போது நாய் கற்கிறதோ இல்லையோ, நாம் கற்றுவிடுகிறோம். நாளைக்கு வீடு மாறினாலும், குழந்தை பிறந்தாலும் அந்தப் பழக்கம் கூடவே வரும்.

ஷாக் காலரின் பராமரிப்பு இன்னும் மோசம். அது கழுத்தில் இருக்கும்வரை ஒரு நாய், கழற்றினால் வேறு நாய் என்று ஆகிவிடுவது உண்டு. வேல்ஸ் நாட்டில் 2010 முதல் அதற்குத் தடை.

வீட்டு வழியில் செய்வது என்ன? அடிப்படை எளிது, பொறுமைதான் கஷ்டம். நாய் அந்நியரைப் பார்க்க வேண்டும், ஆனால் கொதிக்கக் கூடாது; அந்தத் தூரத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். நாயே அதைக் காட்டிக்கொடுக்கும். பிடித்த தின்பண்டத்தை வாங்கித் தின்றால் தூரம் சரி, கண்டுகொள்ளாமல் முறைத்தால் அல்லது வெடுக்கென்று பிடுங்கினால் இன்னும் விலக வேண்டும். ஆள் தெரிந்ததும் தின்பண்டம் வர வேண்டும், ஆள் மறைந்ததும் நிற்க வேண்டும். இந்த வரிசை மாறக் கூடாது. தின்பண்டத்தை முதலில் காட்டிவிட்டு ஆளைக் காட்டினால், தின்பண்டமே ‘யாரோ வரப்போகிறார்கள்’ என்ற அபாயச் செய்தியாகிவிடும்.

தட்டு விஷயத்தில் பிடுங்கிப் பழக்குவதுதான் பழைய முறை. நாங்கள் நேர்மாறாகச் செய்தோம். நாய் விறைக்காத தூரத்தில் கடந்து போகும்போது அதைவிட ருசியான ஒரு துண்டைத் தட்டின் பக்கம் எறிந்துவிட்டு, நிற்காமல் நடந்துவிடுவோம். மனிதன் நெருங்குவது நல்லதற்கே என்று மணிக்கு மெதுவாகப் புரிந்தது.

அப்புறம் மஸில், அதாவது நாய் கடிக்காமலிருக்க அதன் வாய்க்கு மாட்டும் மூடி. பலருக்கு அது அவமானமாகத் தெரிகிறது. எனக்கு அதுதான் இந்த வழியின் காப்பீடு. கூடை மாதிரி இருக்கும் வகையைத்தான் வாங்க வேண்டும். அதைப் போட்டாலும் நாயால் வாயைத் திறந்து மூச்சிரைக்க முடியும், தண்ணீர் குடிக்க முடியும், தின்பண்டமும் வாங்க முடியும். வாயை இறுக்கிக் கட்டும் துணி வகை, மருத்துவர் ஊசி போடும் சில நிமிடங்களுக்கு மட்டும்தான். நாய் உடல் சூட்டைத் தணிப்பது மூச்சிரைப்பால்தான் என்பதால், அதை மாட்டி நடைக்குக் கூட்டிப்போவது ஆபத்து. கூடையையும் முதல் நாளே மாட்டிவிடாமல், உள்ளே எதையாவது தடவி, தானாக மூக்கை நுழைக்கும்வரை விட வேண்டும்.

வீட்டு வழி தோற்கும் இடங்களும் உண்டு. வீட்டில் ஒருவர் தின்பண்டம் கொடுக்க, இன்னொருவர் செருப்பை எடுத்தால் ஒன்றும் நடக்காது. தவழும் குழந்தை இருந்தால் பயிற்சிக்கு முன்னால் நாயைத் தனியாக வைக்கக் கதவும் தடுப்பும் வேண்டும். ஒரே வீட்டில் இரண்டு நாய்கள் சண்டை போடும் சிக்கல் எனக்குப் பழக்கமில்லை. அதைப் பற்றிச் சொல்ல எனக்குத் தகுதியும் இல்லை. பதற்றத்துக்கான மருந்தும் அப்படித்தான். ஃப்ளூவாக்ஸெட்டின் போன்றவை வேலை செய்யச் சில வாரங்கள் பிடிக்கும் என்பதும், பயிற்சிக்கு அவை துணைதான், மாற்று அல்ல என்பதும் பொதுவாகத் தெரிந்தவை. மணிக்கு அது தேவைப்படாததால் அனுபவமாகச் சொல்ல ஒன்றுமில்லை. மணியும் இன்றுவரை எல்லோரையும் வரவேற்கும் நாயாகிவிடவில்லை. பழகாத கூட்டம் வந்தால் உள்ளறையில்தான் இருப்பான்.

இத்தனைக்குப் பிறகும் வெளியில் விடத்தான் வேண்டும் என்ற நிலை சிலருக்கு இருக்கும். அவர்கள் ட்ரெயினரிடம் மூன்று கேள்விகளையாவது கேட்க வேண்டும். நாய் தவறு செய்தால் என்ன செய்வீர்கள்? பயிற்சியின்போது நான் வந்து பார்க்கலாமா? திரும்ப அழைத்துப் போன பிறகு என் வீட்டுக்கு வந்து எங்களுக்குச் சொல்லிக் கொடுப்பீர்களா? மூன்றாவது கேள்விக்கு மழுப்பினால் வேறு ஆளைத் தேடுங்கள்.