லெதர்மேன் வேவ் பிளஸ்: ரெண்டு வருஷம் இடுப்புல கட்டிட்டு சுத்துன அனுபவம்

ஆழியார்ல இருந்து வால்பாறை ஏறுற ரோட்டுல மொத்தம் 40 கொண்டை ஊசி வளைவு. அதுல ஒன்பதாவது வளைவு தான் லோம்ஸ் வியூ, அங்க நின்னு கீழ ஆழியார் டேமைப் பாத்தா சொக்கிப் போயிருவீங்கன்னு எல்லாரும் சொல்லுவாங்க. நான் அங்க ஒன்றரை மணி நேரம் நின்னேன், டேமை ஒரு தடவை கூட பாக்கல. பைக் கிளட்ச் கேபிள் லீவர் கிட்ட நூல் நூலா பிரிஞ்சு அறுந்து போச்சு. ஸ்பேர் கேபிள் பேக்ல இருந்துச்சு, ஸ்பேனர் தான் இல்ல, ஏன்னா "அதான் மல்டிடூல் இருக்கே"ன்னு ஸ்பேனர் செட்டை வீட்டுலயே வெச்சிட்டு கிளம்புன மகராசன் நான்.

அந்த மல்டிடூல், அதாவது குறடு, கத்தி, ஸ்க்ரூ டிரைவர்னு எல்லாம் ஒண்ணுக்குள்ள மடிஞ்சிருக்கற சாமான், ஆன்லைன்ல வாங்குனது, கம்பெனி பேரெல்லாம் வேண்டாம், விலை ரெண்டு பிரியாணி விலை, டப்பா மேல "24 இன் 1"னு பெருசா போட்டிருந்துச்சு. அட்ஜஸ்டர் நட்டைப் பிடிச்சு ஒரு திருகு திருகுனேன், வழுக்குச்சு. நல்லா அழுத்திப் பிடிச்சு இன்னொரு திருகு, டக்குன்னு ஒரு சத்தம், பாத்தா நடு ரிவெட் தெறிச்சு வாய் ரெண்டா பிரிஞ்சு ஒண்ணு கையில, ஒண்ணு ரோட்டுல. நட்டோட முனையும் மழுங்கிப் போச்சு. கடைசில மேல இருந்து இறங்குன ஒரு லாரிக்கார அண்ணன் வண்டிய ஓரம் கட்டி, சீட்டுக்குப் பின்னாடி இருந்து கிரீஸ் படிஞ்ச ஒரு கட்டிங் பிளேயரும் ஸ்பேனரும் எடுத்துட்டு வந்து பத்து நிமிஷத்துல மாட்டி விட்டாரு. உடைஞ்சத கையில வாங்கிப் பாத்துட்டு "தம்பி, இது கொழந்தைங்க வெளாடுறதுங்க"ன்னு சொல்லிட்டு கிளம்பிட்டாரு.

அந்த ரோஷத்துல வாங்குனது தான் இந்த லெதர்மேன் வேவ் பிளஸ். அஞ்சு இலக்க விலை, வீட்டுல இன்னைக்கு வரைக்கும் உண்மையான விலைய சொல்லல.

இந்த சாமானோட கதையே ரிப்பேர் ஆன வண்டியில தான் ஆரம்பிக்குது. டிம் லெதர்மேன்னு ஒரு அமெரிக்காக்காரர், 1975ல பொண்டாட்டியோட ஒரு பழைய ஃபியட் கார்ல ஐரோப்பா சுத்துறாரு, கார் அடிக்கடி மக்கர் பண்ணுது, தங்குற ரூம்ல பைப் ஒழுகுது, கையில இருக்கறது ஒரு பேனாக்கத்தி மட்டும். இதுல ஒரு குறடும் சேந்து இருந்தா எப்படி இருக்கும்னு யோசிச்சு, ஊருக்குப் போயி வருஷக்கணக்கா ராவிக்கிட்டு இருந்திருக்காரு. கத்தி கம்பெனிக்குப் போனா இது டூல்ங்கறான், டூல் கம்பெனிக்குப் போனா இது கத்திங்கறான். கடைசில 1983ல சொந்தமாவே முதல் மாடல இறக்குனாரு. வேவ் வந்தது 1998ல, நான் வெச்சிருக்கற வேவ் பிளஸ் 2018ல வந்தது, பழசுக்கும் இதுக்கும் பெரிய வித்தியாசம் ஒயர் வெட்டுற பல்ல மட்டும் கழட்டி மாத்திக்கலாம்ங்கறது தான்.

சரி சாமானுக்கு வர்றேன். மடிச்சா 10 சென்டிமீட்டர், எடை 241 கிராம். கேக்க கம்மியா தெரியும், கால் கிலோ சக்கரைய பேன்ட் பாக்கெட்ல போட்டுட்டு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நடந்து பாருங்க அப்ப தெரியும். சட்டை பாக்கெட்ல போட்டா சட்டையே ஒரு பக்கமா இழுக்குது, வேட்டி கட்டுற நாள்ல வெக்க இடமே கிடையாது. கூட வர்ற உறைய பெல்ட்ல மாட்டிக்கிட்டா பிரச்சனை இல்ல, ஆனா முதல் ஒரு வாரம் ஆபீஸ்ல எல்லாரும் "என்னங்க ஈபில இருந்து வர்றீங்களா"ன்னு கேப்பாங்க.

மொத்தம் 18 டூல். நாலு வெளிப்பக்கமா மடிஞ்சிருக்கு: நேர்க்கத்தி, பல்லு வெச்ச கத்தி, ரம்பம், அரம். இது நாலையும் குறட்டைப் பிரிக்காமலே எடுக்கலாம், கத்தியில ஒரு ஓட்டை இருக்கும், கட்டை விரல்ல தள்ளுனா ஒரே கையில திறக்கும், திறந்ததும் டிக்குன்னு லாக் விழும். லாக் விழற சத்தம் தான் இதுல எனக்கு ரொம்பப் பிடிச்சது, பழைய டூல்ல கத்தி வெட்டிக்கிட்டு இருக்கும்போதே மடிஞ்சு ஆள்காட்டி விரல்ல ஒரு கோடு போட்டுச்சு, தழும்பு இன்னும் இருக்கு. கத்தி இரும்பு 420HCங்கற ரகம், பெரிய ஒசத்தி இல்ல, சீக்கிரம் மழுங்கும். ஆனா வீட்டுக் கல்லுல பத்து தேய்ப்பு தேய்ச்சா திரும்ப பேப்பர் வெட்டும், விலை கூடுன இரும்புல இந்த வேலை லேசுல ஆகாது. பலாப்பழம் வெட்டிராதீங்க, பால் ஒட்டிக்கிட்டு கத்தி உள்ள போக மாட்டேங்குது, தேங்காய் எண்ணெய் போட்டு அரை மணி நேரம் துடைச்சேன்.

குறடு அருமை. நுனி மெல்லிசா இருக்கறதால சின்ன ஆணி, செருப்புல ஏறுன முள்ளு எல்லாம் பிடிச்சு இழுக்கலாம். கைப்பிடி ஓரம் உருட்டி விட்டிருக்கறதால அழுத்தும்போது உள்ளங்கைய அறுக்காது. ஆனா ரெண்டு விஷயம் கறாரா சொல்றேன். ஒண்ணு, நட்டு போல்ட்டுக்கு இது ஸ்பேனர் ஆகாது, எவ்ளோ காசு குடுத்து வாங்குனாலும் குறடுன்னா குறடு தான், நட்டை மழுங்கடிக்கும். வால்பாறைல நான் பண்ண தப்பு மட்டமான சாமான் வாங்குனது மட்டும் இல்ல, ஸ்பேனர விட்டுட்டு போனதும் தான், அது புரியவே எனக்கு ஒரு வருஷம் ஆச்சு. ரெண்டு, கைப்பிடி முழுசும் இரும்பு, இன்சுலேஷன் கிடையாது. ஒயர் ஸ்ட்ரிப்பர் இருக்கேன்னு லைவ் ஒயர்ல வெச்சீங்கன்னா 230 வோல்ட்டும் உங்களுக்கு தான், மெயின ஆஃப் பண்ணிட்டு டெஸ்டர் வெச்சுப் பாத்துட்டு அப்புறமா தொடுங்க.

இனி குறை. கத்தரியும் ஸ்க்ரூ டிரைவரும் எங்க இருக்கு? குறட்டோட கைப்பிடிக்கு உள்பக்கம். அதாவது கத்தரி வேணும்னா முதல்ல குறட்டை முழுசாப் பிரிக்கணும், நகத்த வெச்சு கத்தரிய நெம்பி எடுக்கணும், அப்புறம் கைப்பிடிய திரும்ப மடக்கணும், அதுக்கப்புறம் தான் வெட்டலாம். அதுக்குள்ள என் வீட்டம்மா பால் பாக்கெட்ட பல்லுல கடிச்சுத் திறந்து பாலையே காய்ச்சிருவாங்க. இது ஏன் இவ்ளோ கடுப்பாகுதுன்னு பாக்க ஒரு மாசம் போன்ல குறிச்சு வெச்சேன், எப்பெப்போ எடுக்கறேன், எதுக்கு எடுக்கறேன்னு. கத்தரி 31 தடவை, ஸ்க்ரூ டிரைவர் 14, கத்தி 12, குறடு நாலே நாலு, டப்பா ஓப்பனர் ஒண்ணு, ரம்பம் அரம் ரெண்டும் சுத்தமா பூஜ்யம். எதை அதிகமா எடுக்கறேனோ அது உள்ள, எதைத் தொடவே இல்லையோ அது வெளிய. 24 இன் 1, 18 இன் 1னு நம்பரைப் பாத்து வாங்குறதுல இது தான் சிக்கல், எத்தனை இருக்குன்னு கேக்காதீங்க, பிரிக்காம எது கைக்கு வருதுன்னு கேளுங்க.

ஸ்க்ரூ டிரைவர பத்தி இன்னும் கொஞ்சம். இதுல மாட்டுற பிட், அதாவது ஸ்க்ரூவுல போயி உக்கார்ற முனை, தட்டையா இருக்கும், லெதர்மேனோடது மட்டும் தான் சேரும், கடையில விக்கிற அறுகோண பிட் சேராது, அதுக்கு தனியா ஒரு அடாப்டர் வாங்கணும். கூட வர்றது பிளஸ்ஸும் மைனஸும் மட்டும். ஆனா குட்டி பிட் ஒண்ணு இருக்கு பாருங்க, மூக்குக் கண்ணாடி ஸ்க்ரூவுக்குன்னே செஞ்சது, எங்கம்மா கண்ணாடி காது கழண்டு கழண்டு விழும், இப்ப முறுக்கி விட்டேன்னா ஒரு மாசம் நிக்குது. அம்மா இத என் கையில இருந்து நேரா வாங்கவே மாட்டாங்க, கத்தி இருக்கறத கையில குடுக்கக் கூடாதாம், டேபிள் மேல வெச்சா தான் எடுப்பாங்க.

காட்டுப் பக்கம் போறப்ப எப்படின்னு கேப்பீங்க. நம்ம பக்கம் மலையேறுறதுன்னா பெரும்பாலும் ரிசர்வ் ஃபாரஸ்ட், அங்க போயி ரம்பத்த வெச்சு மரக்கிளை வெட்டுற சோலியே இருக்கக் கூடாது. ரம்பம் எனக்கு உதவுனது மொட்டை மாடில பிவிசி பைப் வெட்ட தான், சும்மா வெண்ணெய் மாதிரி இறங்குச்சு. கேம்ப்ல உண்மையா வேலை செஞ்சது பல்லு வெச்ச கத்தி, நைலான் கயிறு ஈரமா இருந்தாலும் ஒரே இழுப்பு. அப்புறம் அடுப்புல இருந்து சூடான டம்ளர இறக்க குறடு. வெங்காயம் வெட்ட இந்தக் கத்தி லாயக்கில்ல, நீளம் ஏழு சென்டிமீட்டர் சொச்சம், மடிப்புக்குள்ள வெங்காயச் சாறு போயி ரெண்டு நாள் நாத்தம் அடிச்சுது. சமையலுக்கு வீட்டுல இருந்து ஒரு காய்கறிக் கத்திய பேப்பர்ல சுத்தி எடுத்துட்டுப் போங்க.

துரு விஷயம் முக்கியம். ஸ்டெயின்லெஸ்னா துருவே பிடிக்காதுன்னு நெனச்சிருந்தேன், குறட்டு மூட்டுல ஆரஞ்சு கலர்ல வந்துச்சு. காரணம் நானே தான், ஆயுத பூஜைக்கு எல்லா சாமானோட இதையும் வெச்சு சந்தனமும் குங்குமமும் குழைச்சுப் பொட்டு வெச்சேன், ஈரம் மூட்டுக்குள்ள இறங்கி ஒரு வாரம் அப்படியே கெடந்துச்சு. இப்பல்லாம் உறைக்கு தான் பொட்டு. அப்புறம் துருவுக்கு பயந்து தேங்காய் எண்ணெய் விட்டேன், அந்த மார்கழியில கொடைக்கானல் போனப்போ காலைல எண்ணெய் உறைஞ்சு டூலே பிரிய மாட்டேங்குது, ரெண்டு உள்ளங்கையில வெச்சுத் தேய்ச்சு சூடு பண்ணித் திறக்க வேண்டியதாப் போச்சு. தையல் மெஷின் எண்ணெய் ரெண்டு சொட்டு போதும். கடற்கரை ஊர்க்காரங்க மாசம் ஒருக்கா கழுவித் துடைச்சு எண்ணெய் விடுங்க, உப்புக்காத்து எந்த ஸ்டெயின்லெஸ்ஸையும் விடாது.

சரி, வேற எத வாங்கலாம்? பிளேயர் உள்ள டூல் தான் வேணும், கத்தரி சட்டுனு வரணும்னா லெதர்மேன்லயே விங்மேன் பாருங்க. 198 கிராம், 14 டூல், கத்தியும் கத்தரியும் வெளிப்பக்கம், குறட்டுல ஸ்பிரிங் இருக்கு தானாவே விரியும், வேவ விட விலையும் கம்மி. இப்ப வாங்குறதா இருந்தா நான் இதத் தான் எடுப்பேன். காசு பிரச்சனை இல்லன்னா விக்டோரினாக்ஸ் சுவிஸ்டூல் ஸ்பிரிட், நண்பன் ஒருத்தன் வெச்சிருக்கான், எல்லா டூலும் வெளிய இருந்தே எடுக்கலாம், பாலீஷ் போட்ட நகை மாதிரி இருக்கு, அவன் கிட்ட வாங்கிப் பாத்துட்டு திருப்பிக் குடுக்க மனசே வரல. லெதர்மேனோட ஸ்கெலிடூல் 142 கிராம் தான், பாக்க ஸ்டைலா இருக்கு, ஆனா கத்தரி இல்ல, என் கணக்குப்படி 31 தடவை போச்சு. அவங்களோட சர்ஜ் பெரிய சைஸ், வொர்க்‌ஷாப்காரங்களுக்கு ஓகே, நமக்கு பெல்ட் அவுந்துரும்.

பைக் ஓட்டுறதில்ல, வீடு ஆபீஸ் எப்பவாச்சும் ஒரு ட்ரெக் அவ்ளோ தான்னா பிளேயரே வேண்டாங்க, விக்டோரினாக்ஸ் ஹன்ட்ஸ்மேன் போதும். 91 மில்லிமீட்டர், 100 கிராமுக்குள்ள, நல்ல கத்தரி, கத்தி, ரம்பம் எல்லாம் உண்டு, கத்திக்கு லாக் இல்லங்கறது மட்டும் ஞாபகம் வெச்சுக்கோங்க. அதுல ஒயின் பாட்டில் திறக்குற கார்க் ஸ்க்ரூ ஒண்ணு இருக்கும், நமக்கு எதுக்குன்னு நெனப்பீங்க, இறுகுன கயிறு முடிச்ச அவுக்க அத மாதிரி ஒண்ணும் கிடையாது.

வாங்கும்போது டூப்ளிகேட் ஜாக்கிரதை, பாதி விலைக்கு "ஒரிஜினல்"னு வந்தா ஒதுங்கிருங்க. லெதர்மேனுக்கு 25 வருஷ வாரன்டி உண்டு, பில்ல பத்திரமா வெச்சுக்கோங்க. ஏர்போர்ட் போறப்ப செக்-இன் பேக்ல போட மறக்காதீங்க, கேபின் பேக்ல இருந்தா செக்கிங்ல எடுத்துக்குவாங்க, ஸ்பிரிட் வெச்சிருக்கான்னு சொன்னேனே அந்த நண்பன் வெச்சிருக்கறது ரெண்டாவது ஸ்பிரிட்.

எனக்கு வேவ் பிளஸ் இப்ப பைக் டேங்க் பேக்ல இருக்கு, 8ல இருந்து 17 வரைக்கும் ஸ்பேனர் செட்டுக்குப் பக்கத்துலயே. ஹன்ட்ஸ்மேன் ஒண்ணு தனியா எனக்குன்னு வாங்குனேன், வாங்குன மறுநாளே அது அடுப்படிக்குப் போயிருச்சு, பால் பாக்கெட் வெட்ட.