ரெண்டு கடிகாரம், நாலு ஆளுங்க: கம்ப்யூட்டர் டைமை யார்கிட்ட விடலாம்?

ஒரே மெஷினுக்குள்ள ரெண்டு கடிகாரம் ஓடுதுன்னு எனக்கு ரொம்ப நாளா தெரியாது. ஒண்ணு மதர்போர்டுல ஒட்டிக்கிட்டு இருக்குற ஆர்டிசி, அதாவது ஹார்டுவேர் கிளாக். சிஆர் 2032 பட்டன் செல் ஒண்ணு போட்டிருப்பாங்க, 3 வோல்ட், கரண்ட்டே இல்லாட்டியும் அதுல ஓடிட்டே இருக்கும். உள்ள இருக்குற குவார்ட்ஸ் கிரிஸ்டல் நொடிக்கு 32,768 தடவ துடிக்கும், ஏன் இப்படி ஒரு எண்ணுன்னா 2-ஐ 15 தடவ பெருக்கினா வர்றது அது, பாதி பாதியா வகுத்துட்டே போனா கரெக்டா ஒரு நொடி வந்து நிக்கும். இன்னொண்ணு சிஸ்டம் கிளாக், கெர்னல், அதாவது ஓஎஸ்ஸோட மையப் பகுதி, தன் மெமரில வச்சிருக்குறது. பூட் ஆகும்போது ஆர்டிசிய ஒரு தடவ எட்டிப் பாத்து டைம் வாங்கிக்கும், அதுக்கப்புறம் பிராசசர்ல இருக்குற கவுண்டர நம்பி தன் வழில போயிடும், திரும்பிக்கூட பாக்காது. டைம் தப்பா காட்டுதுன்னு யாராச்சும் சொன்னா நான் முதல்ல கேக்குறது, எந்த டைம்?

சரி, முதல் சண்டை ஆர்டிசிக்குள்ள என்ன டைம் வைக்கிறதுங்குறது. விண்டோஸ் உள்ளூர் டைம் வைக்கும், 1984-ல ஐபிஎம் பிசி ஏடி வந்தப்போ இந்த சிப்ப போர்டுல வச்சதுலேந்து டாஸ் காலத்துப் பழக்கம். லினக்ஸ் யூடிசி, அதாவது உலகத்துக்கே பொதுவான டைம், வைக்கும். டூயல் பூட், அதாவது ஒரே மெஷின்ல ரெண்டு ஓஎஸ், போட்டவங்களுக்கு இந்தக் கதை தெரியும், லினக்ஸ்லேந்து விண்டோஸுக்குப் போனா உங்க டைம்ஸோனுக்கும் யூடிசிக்கும் எவ்ளோ மணி வித்தியாசமோ அவ்ளோ தள்ளி நிக்கும், சரி பண்ணிட்டு லினக்ஸ் பக்கம் வந்தா இங்க தள்ளி நிக்கும்.

ரெண்டு வழி இருக்கு. லினக்ஸ வளைக்கலாம், டைம்டேட்சிடிஎல் கமாண்ட்ல லோக்கல் ஆர்டிசிய ஆன் பண்ணா ஒரே வரில முடிஞ்சது. ஆனா அந்தக் கமாண்டே அடுத்த தடவ ஸ்டேட்டஸ் பாக்கும்போது இது சரியா வராதுன்னு ஒரு வார்னிங் போடும், செட் பண்ணச் சொன்னதும் அதுதான், திட்டுறதும் அதுதான். காரணம் இருக்கு, கோடைல ஒரு மணி நேரம் முன்னாடி தள்ளுற டைம்ஸோன்கள்ல ஆர்டிசிய யார் தள்ளணும்? ரெண்டு ஓஎஸ்ஸும் நான்தான்னு நெனச்சா ரெண்டு மணி நேரம் தள்ளிடும். இன்னொரு வழி விண்டோஸ வளைக்கிறது, அதோட செட்டிங்ஸெல்லாம் இருக்குற ரிஜிஸ்ட்ரில டைம்ஸோன் இன்ஃபர்மேஷன் கீக்குள்ள ரியல்டைம்இஸ்யுனிவர்சல்னு ஒரு வேல்யூ போட்டு 1 குடுத்தா அதுவும் யூடிசியாவே படிக்க ஆரம்பிச்சிடும். நான் ரெண்டாவது கட்சி. ரிஜிஸ்ட்ரிய தொட பயமா இருந்தா முதல் வழிலயே இருங்க, தப்பில்ல, ஆனா பாதி அப்படி பாதி இப்படின்னு மட்டும் வேணாம்.

அடுத்தது கையால செட் பண்றதா, நெட்லேந்து எடுத்துக்கச் சொல்றதா. சாதாரண கிரிஸ்டல் 20 பிபிஎம் தப்பு பண்ணும்னு வச்சுக்கோங்க, பத்து லட்சத்துல 20 பங்குதான், கேக்க ஒண்ணுமே இல்லாத மாதிரி இருக்கும், ஆனா ஒரு நாளைக்கு 1.7 நொடி, மாசத்துக்கு கிட்டத்தட்ட 52 நொடி. செல் தீர்ந்துட்டா இதெல்லாம் பேச்சே இல்ல. என்கிட்ட ஒரு பழைய டெஸ்க்டாப் இருந்துச்சு, ஒவ்வொரு தடவ பிளக்க புடுங்கி மாட்டினாலும் பல வருஷம் பின்னாடி போய் ஜனவரி 1-ல நிக்கும். டைம்தானேன்னு விட்டேன், பிரௌசர் எந்த சைட்டயும் திறக்கல, சர்டிஃபிகேட் இன்னும் அமலுக்கே வரலைங்குது, அப்டேட் போட்டா ரிலீஸ் ஃபைல் இன்னும் செல்லுபடி ஆகலைங்குது, ப்ரோக்ராம் பில்ட் பண்ற மேக் கமாண்ட் போட்டா ஃபைலோட தேதி எதிர்காலத்துல இருக்குன்னு வார்னிங். அரை நாள் நெட்வொர்க்க நோண்டிட்டு அப்புறம்தான் ஓரத்துல தேதிய பாத்தேன். செல்ல மாத்தினா வேலை முடிஞ்சது.

கையாலதான் செட் பண்ணுவேன்னா ஒண்ணு ஞாபகம் வச்சுக்கோங்க, டேட் கமாண்ட் சிஸ்டம் கிளாக்க மட்டும்தான் மாத்தும், ஆர்டிசிக்கு அது தெரியாது. ஹெச்டபிள்யூகிளாக் கமாண்ட்ல சிஸ்டமிலேந்து ஹார்டுவேருக்குன்னு தனியா எழுதணும். இதுல ஒரு அழகு இருக்கு, அந்த பழைய வகை சிப்ல டைம் எழுதினா அடுத்த நொடி முழு நொடி கழிச்சு வராது, அரை நொடிலயே வந்துடும். அதனால அந்தக் கமாண்ட் நொடியோட நடுப்பகுதி வர்ற வரைக்கும் காத்திருந்து எழுதும். என்டர் தட்டினதும் ஒரு சின்ன தயக்கம் தெரியுதுல்ல, ஹேங் ஆகல, அதுதான்.

இப்ப முக்கியமான போட்டி, நெட்லேந்து டைம் எடுக்குற ஆளுங்க. எல்லாருக்கும் அடியில இருக்குறது என்டிபி, அதாவது நெட் வழியா டைம் வாங்குற முறை, டேவிட் மில்ஸ் உருவாக்கினது, 1985-ல முதல் ஆர்எஃப்சி (அந்த முறைய எழுதி வெளியிட்ட ஆவணம்), இப்ப ஓடுற நாலாவது வெர்ஷன் 2010-ல வந்துச்சு, யூடிபி போர்ட் 123.

என்டிபிடேட்ங்குற கமாண்ட கிரான்ல, அதாவது குறிச்ச நேரத்துக்கு வேலைய ஓட்டி விடுறதுல, போட்டு வைக்கிற பழக்கம் இன்னும் சிலர்கிட்ட இருக்கு, தயவுசெஞ்சு விட்டுடுங்க. அது வித்தியாசம் அரை நொடிக்கு மேல போனா டைமை படக்குன்னு புடிச்சு இழுத்து வைக்கும். நான் பாத்துக்கிட்ட ஒரு சர்வர்ல லாக்ல 10:00:03-னு ஒரு வரி, அதுக்குக் கீழயே 09:59:58-னு அடுத்த வரி. அஞ்சு நொடி பின்னாடி போயிருக்கு. எந்த ரிக்வெஸ்ட் முதல்ல வந்துச்சுன்னு பாக்க உக்காந்தவனுக்குத்தான் தெரியும் அந்த வேதனை.

சிஸ்டம்டி டைம்சிங்க்டி ரொம்ப சாது. நிறைய லினக்ஸ் டிஸ்ட்ரோல தானா வருது, என்டிபியோட எளிய வடிவமான எஸ்என்டிபி மட்டும் பேசும், கிளையண்ட் மட்டும்தான், மத்த மெஷினுக்கு டைம் குடுக்காது, ஒரு சமயத்துல ஒரு சர்வர்கிட்டதான் கேக்கும். அந்த சர்வர் பொய் சொன்னா இதுவும் நம்பிடும். வீட்டு லேப்டாப்புக்கு இது போதும், நிஜமாவே போதும், இதுக்கு மேல எதையும் இன்ஸ்டால் பண்ணாதீங்க.

பழைய என்டிபிடி பெரிய மனுஷன். நாலஞ்சு சர்வர்கிட்ட கேட்டு, எவன் பொய் சொல்றான்னு கண்டுபுடிச்சு ஒதுக்கி, மெதுவா நகத்தும். பிரச்சினையே அந்த மெதுவாதான். அதோட உச்ச வேகம் 500 பிபிஎம், அதாவது ஒரு நொடி தப்ப நகத்தியே சரி பண்ணணும்னா 2,000 நொடி, அரை மணி நேரத்துக்கும் மேல. 128 மில்லிசெகண்டுக்கு மேல போனா நகத்தாம தாவிடும், 1,000 நொடிக்கு மேல போனா இதுல ஏதோ தப்பு இருக்குன்னு கோவிச்சுக்கிட்டு ப்ராசஸே நின்னுடும்.

க்ரோனிதான் என் ஆளு. லேப்டாப் மூடி ரெண்டு நாள் கழிச்சு திறந்தாலும், விஎம்ம (மெஷினுக்குள்ள ஓடுற மெய்நிகர் மெஷின) நிறுத்தி வச்சிட்டு எழுப்பினாலும், நெட் விட்டு விட்டு வந்தாலும் சீக்கிரம் சுதாரிச்சுக்கும். அதிகபட்ச வேகத்துல அந்த ஒரு நொடிய 12 நொடில நகத்த முடியும். மேக்ஸ்டெப் 1.0 3-னு ஒரு வரி கான்ஃபிக்ல இருக்கும், முதல் மூணு அப்டேட்குள்ள ஒரு நொடிக்கு மேல தப்பு இருந்தா தாவிக்கோ, அதுக்கப்புறம் தாவவே கூடாதுன்னு அர்த்தம், சர்வீஸ்லாம் எழுந்து நின்னதுக்கு அப்புறம் டைம் பின்னாடி போகாம இருக்க இதுதான் காவல். ரெட்ஹேட் என்டர்பிரைஸ் லினக்ஸ் 7-ல இது டிஃபால்ட் ஆச்சு, 8-ல பழைய என்டிபிடிய தூக்கியே போட்டாங்க.

ஆர்டிசியே இல்லாத போர்டுங்க தனி ஜாதி. ராஸ்ப்பெரி பை 5-க்கு முன்னாடி வந்த பைங்கள்ல போர்டுலயே கிடையாது. அதுல ஃபேக் ஹெச்டபிள்யூகிளாக்னு ஒரு ப்ரோக்ராம், ஷட்டவுன் ஆகும்போது டைமை ஒரு ஃபைல்ல எழுதி வச்சுட்டு, அடுத்த பூட்ல அங்கேந்து ஆரம்பிக்கும். நெட் இருந்தா சமாளிச்சிடலாம். நெட் இல்லாத எடத்துல சென்சார் லாக் எடுக்கப் போறீங்கன்னா அது வெறும் ஏமாத்து, டிஎஸ் 3231-னு ஒரு ஆர்டிசி மாட்யூல் வாங்கி மாட்டுங்க. டிஎஸ் 1307-ம் கிடைக்கும், ஆனா அது சாதா கிரிஸ்டல், சூடு ஏறினா ஓட்டம் மாறும். 3231 வெப்பத்த அளந்து தன்னயே திருத்திக்கும், 0-லேந்து 40 டிகிரிக்குள்ள 2 பிபிஎம்ம தாண்டாது.

எது போட்டாலும் ஒண்ணுதான் ஓடணும். நான் ஒரு தடவ டைம்சிங்க்டிய நிறுத்தாம என்டிபிடியும் போட்டுட்டேன், ரெண்டும் ஆளுக்கொரு பக்கம் இழுத்து கிளாக் ஆடிக்கிட்டே இருந்துச்சு. ஆர்டிசி பக்கமும் இதே கதைதான், சிங்க் ஆன கெர்னல் 11 நிமிஷத்துக்கு ஒரு தடவ தானே ஆர்டிசில எழுதும், பழைய ஸ்கிரிப்ட் எதுலயாச்சும் ஹெச்டபிள்யூகிளாக் அட்ஜஸ்ட் ஓடிட்டு இருந்தா அது தான் கணக்கு வச்ச ட்ரிஃப்ட்ட, அதாவது கிளாக் விலகுற அளவ, இன்னொரு தடவ சேர்த்து ஏற்கெனவே சரியா இருக்குறத கெடுத்து வைக்கும், எடுத்துடுங்க.

எல்லாம் செட் பண்ணியாச்சுன்னா ராத்திரி ஷட்டவுன் பண்ணிட்டு பிளக்கயும் புடுங்கி வைங்க. காலைல ஆன் பண்ணி ஓஎஸ்ஸுக்குள்ள போகாம நேரா பயாஸ்ல டைம் பாருங்க. நெட் இன்னும் கை வைக்காத டைம் அதுதான். யூடிசிப்படி (லோக்கல் ஆர்டிசி வச்சவங்களுக்கு உள்ளூர் டைம்படி) ஒண்ணு ரெண்டு நொடிக்குள்ள இருந்தா செல் நல்லா இருக்கு, ஜனவரி 1-ல நின்னா ஸ்க்ரூ டிரைவர எடுங்க.